சுஜாதாவை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

பிப்ரவரி 27 வந்தால் எழுத்தாளர் சுஜாதா படத்தைப் போட்டு இரண்டு வரி எழுதுகிறோம், அப்புறம் அடுத்த வருஷம்தான். 2008-ல் அவர் போனதிலிருந்து இதுதான் வழக்கம். இந்த முறை அனுபவத்தை எழுதுவோமே. நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை, அவர் எழுத்து உங்கள் வாழ்க்கையில் எந்த இடத்தில் வந்து நின்றது என்று சொன்னால் போதும்.

நானே ஆரம்பிக்கிறேன். அரசு மருத்துவமனை ஒன்றில் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் சில வருஷம் இருந்தேன். காலையில் கதவு திறக்கும் முன்பே வரிசை வெளிவாசல் வரை நிற்கும். பெயர், வயது, என்ன தொந்தரவு, அடுத்த ஆள். முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது, கொஞ்ச நாளில் பார்க்கவும் தோன்றாது. ஒரு மதியம் கவுன்டரை மூடும் நேரத்தில் ஓர் அம்மா சீட்டை நீட்டினார். ஏற்கெனவே மூன்று இடம் போய்த் திரும்பி வந்திருந்த சீட்டு, வியர்வையில் ஊறி, எழுத்து கலைந்து, நாலாக மடித்த மடிப்பில் கிழிந்தும் இருந்தது. "இதை எங்கய்யா குடுக்கணும்?" என்றார். "நாளைக்குக் காலையில வாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன வாய் மூடவில்லை, சுஜாதாவின் 'நகரம்' சிறுகதை ஞாபகம் வந்துவிட்டது. மூனாண்டிப்பட்டி வள்ளியம்மாள், மூளைக்காய்ச்சலில் கிடக்கும் பாப்பாத்தியைத் தூக்கிக்கொண்டு மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அறை அறையாக அலைவாளே, கடைசியில் அவளிடம் சொல்வதும் இதே மாதிரி ஒரு வார்த்தைதான். அந்தக் கதையில் கெட்டவன் என்று ஒருத்தன் கிடையாது, அவரவர் வேலையை அவரவர் பார்க்கிறார்கள், பிள்ளை மட்டும் ஊருக்குத் திரும்பிப் போகிறது. கல்லூரியில் படித்தபோது டாக்டர்கள் மேல்தான் கோபம் வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கதையில் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தது. எழுந்து வெளியே வந்து, அந்த அம்மாவை அவர் போக வேண்டிய அறை வரை கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.

*

சார், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். என் சந்திப்பு வாக்குச்சாவடியில். 2001 சட்டமன்றத் தேர்தலில்தான் தமிழ்நாடு முழுக்க ஓட்டு இயந்திரம் வந்தது. அதுவரை சீட்டும் பெட்டியும் அரக்கும்தான். பயிற்சி வகுப்பில் எங்களில் பாதிப் பேருக்குக் கை நடுங்கியது. எனக்குப் பயம் வரவில்லை. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் அந்த இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்கு வகித்தவர் நம்ம ரங்கராஜன், அதாவது சுஜாதா என்பது தெரியும், ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' படித்து வளர்ந்தவன் வேறு. பூத்தில் ஒரு பாட்டி பொத்தானை அமுக்கிவிட்டு, 'பீப்' சத்தம் கேட்டதும் அங்கேயே நின்று, "தம்பி, விழுந்துருச்சா?" என்றார். விழுந்துருச்சு பாட்டி என்றேன். விஞ்ஞானத்தைத் தமிழில் சொன்னால் புரியாது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

*

நான் திருச்சிப் பக்கம். எங்கள் அம்மாச்சி கடைசி வரை சுஜாதா ஒரு பெண் என்றே நம்பினார். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால் இவர் மனைவியின் பெயரை வைத்துக்கொண்டார் என்று சொன்னாலும் ஏற்க மாட்டார்.

எனக்கு நாவல்களைவிடப் பத்திகள்தான் நெருக்கம். கணையாழி இதழில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் எழுதிய கடைசிப் பக்கங்களைப் பின்னால் புத்தகமாகத்தான் படித்தேன், விகடனில் 'கற்றதும் பெற்றதும்' மட்டும் வாராவாரம். ஒரு பத்தியில் கம்ப்யூட்டர், அடுத்ததில் ஆழ்வார் பாசுரம், அதற்கடுத்து பேர் தெரியாத ஒருவரின் நாலு வரிக் கவிதை. நான் காசு கொடுத்து வாங்கிய முதல் கவிதைத் தொகுப்பு மனுஷ்ய புத்திரனுடையது, அதற்குக் காரணம் சுஜாதா. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருடைய துப்பறியும் கதைகளில் வரும் வக்கீல் வசந்த் பெண்களைப் பார்த்து அடிக்கும் கமென்டுகளை இப்போது என் மகளுக்குப் படித்துக்காட்ட முடியவில்லை. அந்த இடங்களில் எனக்கு அவர்மேல் வருத்தம் உண்டு. ஆனாலும் ஸ்ரீரங்கத்துக் கதைகளை அவளே எடுத்து இரண்டாம் முறை படிக்கிறாள்.

எங்கள் தெரு வாடகை நூலகத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து, ஓவியர் ஜெயராஜ் படங்களோடு பைண்டு பண்ணி வைத்திருப்பார்கள். மூடும்போது ஒன்றை எனக்கே கொடுத்துவிட்டார்கள். அட்டை போய்விட்டது, கோந்து வாசனை இன்னும் இருக்கிறது. பின்பக்கத்தில் யாரோ பென்சிலில் பால் கணக்கு எழுதியிருக்கிறார்கள், அதை நான் அழிக்கவில்லை.