பழைய பைக் வாங்கினால் செலவு இழுத்துக்கொண்டே போகுமா?

கேள்வி:
எட்டு வருடம் ஓடிய 150 சிசி பைக் ஒன்று விலைக்கு வருகிறது, ஓடோமீட்டரில் 42,000 கி.மீ. வேலைக்குப் போய்வர தினமும் 40 கி.மீ. ஓட்டுவேன். விலை கையைக் கடிக்கவில்லை, ஆனால் வாங்கிய பிறகு மாதாமாதம் செலவு வைக்குமோ என்றுதான் பயம். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில் 1:
நீங்கள் போகும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் ஆகிற விதத்திலேயே நிறையத் தெரிந்துவிடும். சைலன்சரில் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கும். இன்ஜினைப் பிரிக்கிற செலவு உங்கள் தலையில் விழும், பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். டயர் எவ்வளவு பழசு என்றும் பாருங்கள், அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர்.

பதில் 2:
செயின் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரத்தை விட்டுவிட்டீர்களே! பற்கள் கூர்மையாகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செயினோடு சேர்த்து செட்டாகவே மாற்ற வேண்டும், செயினை மட்டும் மாற்றினால் புதுச் செயினும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அப்புறம் முன் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தை இருபக்கமும் பிடித்திருக்கும் குழாய்கள்) ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கேட்டவர்:
சரி, பார்க்கிறேன். பெட்ரோல் கணக்கு எப்படிப் போடுவது?

பதில் 1:
மாதம் 25 நாள் என்றால் 1,000 கி.மீ. லிட்டருக்கு 45 கொடுத்தால் சுமார் 22 லிட்டர், 35 மட்டும் கொடுத்தால் 29 லிட்டர் வரும். விற்பவர் சொல்லும் மைலேஜை வைத்து முடிவு செய்யாதீர்கள், குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.