பிளாஸ்டிங் முடிஞ்சா தினமும் கீழ வைஃபை போயிடுது, ஆள் இறங்கிப் பாத்தா எல்லாம் பச்சை லைட்டு, என்னதான் பிரச்சனை?

டெக்லைன்_பையன்:
மக்களே ஒரு உதவி. ராஜஸ்தான்ல ஒரு ஈயம்-துத்தநாக அண்டர்கிரவுண்ட் மைன்ல நெட்வொர்க் மெயின்டெனன்ஸ் பாக்குறேன், சொந்த ஊரு விருத்தாசலம். நம்ம பக்கம் சுரங்கம்னா நெய்வேலி மாதிரி மேல நின்னே அடி வரைக்கும் தெரியும், இங்க டெக்லைன்ல, அதாவது சரிவா இறங்குற சுரங்கப் பாதைல, ஜீப்புல சுத்திச் சுத்தி இறங்கவே அரை மணி நேரம், ஒரு ஸ்க்ரூ டிரைவரை மேல மறந்துட்டு வந்தா அன்னைக்கு பொழப்பு அவ்ளோதான்.

மேல கன்ட்ரோல் ரூம்ல இருந்து சிங்கிள் மோட் ஃபைபர் இறங்குது. ஒவ்வொரு லெவல்லயும் சப்ஸ்டேஷன் பக்கத்துல ஒரு இரும்புப் பாக்ஸ், அதுக்குள்ள பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்லயே கரன்ட்டும் அனுப்புறது), ஒரு சின்ன யூபிஎஸ், அங்கேருந்து கேட்6 கேபிள்ல ஆக்சஸ் பாயின்ட்டுக்கு (ஏபி, வைஃபை கொடுக்குற பெட்டி) போகுது. கேப் லேம்ப்ல இருக்க டேக்கை ஏபி படிச்சு யார் எந்த லெவல்ல இருக்காங்கன்னு மேல போர்டுல காட்டும்.

மூணு வாரமா மதியம் பிளாஸ்டிங் முடிஞ்சு பத்து பதினஞ்சு நிமிஷத்துல கீழ மூணு லெவலும் போர்டுல சிவப்பாயிடுது, அரை மணி நேரம் வந்து வந்து போகுது, அப்புறம் தானா சரியாயிடுது. புகை அடங்குற வரைக்கும் என்னை உள்ள விடமாட்டாங்க, விட்டு நான் போய்ச் சேர்றப்ப எல்லாம் ஜோரா ஓடிட்டு இருக்கும். முதல்ல உள்ள போற ரீ-என்ட்ரி டீம் எங்க இருக்காங்கன்னே தெரியாம கன்ட்ரோல் ரூம்ல எல்லாரும் என்னையே பாக்குறாங்க. ஏபி மாத்தியாச்சு, சேனல் மாத்தியாச்சு, ஃபர்ம்வேரும் போட்டாச்சு. ஒண்ணும் வேலைக்காகல.

ஃபைபர்_அண்ணாச்சி:
தம்பி, வெடி அதிர்ச்சில கனெக்டர் லூசாயிருக்கும்னு இப்ப நாலு பேரு வந்து சொல்லுவாங்க, நம்பாதீரும். லூசானது அரை மணி நேரத்துல தானா டைட் ஆகாதுல்லா. ஏபியைத் தொடாதீரும். மூணு ஸ்விட்ச்லயும் லாகின் பண்ணி அப்டைம், அதாவது கடைசியா ஆன் ஆகி எவ்ளோ நேரம் ஆச்சுங்கிறதை மட்டும் பாத்துச் சொல்லும். அப்டைம் நேத்து மதியத்துல இருந்து ஆரம்பிச்சிருந்தா கரன்ட் கோளாறு, நாள் கணக்குல ஓடிட்டு லிங்க் மட்டும் அறுந்திருந்தா ஃபைபர் பக்கம். இதை விட்டுட்டு சேனல் மாத்துனா என்ன பிரயோஜனம்.

டெக்லைன்_பையன்:
அண்ணாச்சி பாத்தேன். மேல ரெண்டு லெவல் ஸ்விட்சும் 19 மணி நேரம்னு காட்டுது, அதாவது நேத்து ரெண்டரைக்கு ரீபூட் ஆயிருக்கு. கடைசி லெவல்ல உள்ளது மட்டும் 47 நாளா ஓடுது!! ஆனா போர்டுல அதுவும்தான் சிவப்பாகுது. இப்ப இன்னும் குழப்பமாயிடுச்சு.

ஃபைபர்_அண்ணாச்சி:
குழப்பமே இல்ல. மூணையும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கோத்திருக்கீரு, சரிதானா? கடைசி ஆளு உயிரோடதான் இருக்கான், முன்னாடி ரெண்டு பேரும் கதவைச் சாத்திட்டாங்க. அதனால அவனைத் தேடாதீரும், அந்த ரெண்டு பாக்சுக்கு ஏன் கரன்ட் போகுதுன்னு தேடும்.

ஃபோர்மேன்_மாமா:
நெட்வொர்க் எனக்குத் தெரியாதுங்க, நான் எலக்ட்ரிக்கல். வெடி போடுறப்ப ஆக்சிலரி ஃபேனை நிறுத்தி வெச்சுட்டு அப்புறம் புகை போறதுக்கு ஒண்ணொண்ணா ஸ்டார்ட் பண்ணுவாங்களா உங்க மைன்ல? அப்படின்னா உங்க பாக்சுக்கு 230 வோல்ட் எங்கேருந்து வருதுன்னு பாருங்க. ஃபேன் ஓடுற அதே சப்ஸ்டேஷன்னா எனக்கு விஷயம் புரிஞ்சு போச்சுங்க. 75 கிலோவாட் மோட்டார் ஓட்டத்துல ஏறத்தாழ 130 ஆம்பியர்தான், ஆனா டைரக்ட் ஸ்டார்ட் கொடுத்தா அந்த சில செகண்டு ஆறு மடங்கு இழுக்கும். நீளக் கேபிளோட கடைசில இருக்க பாக்ஸ்ல வோல்டேஜ் பொத்துனு விழும். மோட்டாரை மெதுவா ஏத்தி விடுற சாஃப்ட் ஸ்டார்ட்டர் இருந்தா இவ்ளோ விழாதுங்க. மூணு வாரம் முன்னாடி அங்க யாராச்சும் ஏதாச்சும் கை வெச்சாங்களான்னு கேளுங்க.

பெர்த்_ரூபன்:
தம்பி, நான் மேற்கு ஆஸ்திரேலியாவில ஒரு கோல்ட் மைன்ல வேலை செய்யிறன். ஃபேன் கதை சரியாத்தான் படுது, ஆனா யூபிஎஸ் இருக்கெண்டு சொன்னீங்களெல்லோ, அது என்ன செய்யுது? சூட்டிலயும் ஈரத்திலயும் அந்தச் சின்ன லெட் ஆசிட் பேட்டரி கனகாலம் தாங்காது, லைட் மட்டும் பச்சையா எரியும். மெயின்ஸ் விழுந்தவுடன பேட்டரிக்கு மாறப் பாக்கும், பேட்டரி செத்துக் கிடந்தா லோடை அப்பிடியே கைவிட்டுடும். யூபிஎஸ் இல்லாம இருந்தாலே நல்லா இருந்திருக்கும் எண்ட மாதிரி ஆகிடும்.

மற்றது, ட்ராக்கிங்கை ஒரே வயரில நம்பி வைக்காதீங்கோ. அமெரிக்காவில 2006ல சேகோ சுரங்கத்தில 12 பேர் செத்தாப் பிறகுதான் வயர்லெஸ் தொடர்பும் ட்ராக்கிங்கும் வேணுமெண்டு சட்டமே வந்தது. எங்கட மைன்ல வைஃபை விழுந்தாலும் கேபிளே ஆன்டெனாவா வேலை செய்யிற லீக்கி ஃபீடர் ரேடியோ தனியா ஓடும்.

டெக்லைன்_பையன்:
மாமா உங்க கையைக் கொடுங்க!! இன்னைக்கு காலைல ஷிப்ட் எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டா, சாஃப்ட் ஸ்டார்ட்டர் கார்டு எரிஞ்சு போச்சு, ஸ்பேர் வர்ற வரைக்கும் அதை பைபாஸ் பண்ணி டைரக்டா ஓடுதுன்னு சாதாரணமா சொல்றாரு, எவ்ளோ நாளான்னா "பீஸ்-பச்சீஸ் தின்", இருபது இருபத்தஞ்சு நாளாம். எனக்குத் தலையே சுத்திடுச்சு. பாக்சைத் திறந்தா யூபிஎஸ் பேட்டரி உப்பிப் போய் மூடிய முட்டிட்டு நிக்குது, ரெண்டு பாக்ஸ்லயும் அதே கதி. கடைசி லெவல்ல மட்டும் போன மாசம்தான் புது பேட்டரி போட்டோம், அதான் அது சாகல. ரெண்டு ஃபேனையும் அடுத்தடுத்து ஸ்டார்ட் பண்றாங்க, நடுவுல ட்ரிப் ஆனா திரும்ப, ஒவ்வொரு தடவையும் ஸ்விட்ச் ரீபூட், அது எழுந்திரிச்சு ஏபிக்கு பவர் கொடுத்து ஏபி எழறதுக்குள்ள அடுத்த ஸ்டார்ட். அரை மணி நேரம் அப்படித்தான் போயிருக்கு.

ஃபைபர்_அண்ணாச்சி:
நல்லது. பேட்டரி மாத்துறதோட நிக்காம பாக்சுக்கு ஃபேன் இல்லாத வேற ஃபீடர்ல இருந்து கரன்ட் கேளும். கடைசி ஸ்விட்ச்ல இருந்து இன்னொரு ஃபைபர் எஸ்கேப் வே வழியா மேல ஏத்தி ரிங்கா, அதாவது வளையமா, கோத்து விடும். ஆனா ஒண்ணு, மூணு ஸ்விட்ச்லயும் ஆர்எஸ்டிபி (வளையத்துல டேட்டா சுத்திக்கிட்டே இருக்காம தடுக்குறது) ஆன் ஆகியிருக்கான்னு பாக்காம ரிங்கை மூடிடாதீரும், ஒரே டேட்டா சுத்திச் சுத்திப் பெருகி பிராட்காஸ்ட் ஸ்டார்ம் வந்து மொத்த மைனும் படுத்துரும், நான் ஒரு தடவை பண்ணிருக்கேன், அன்னைக்கு வாங்குன திட்டு இன்னும் காதுல கேக்கு.

டெக்லைன்_பையன்:
ஒரு வாரம் கழிச்சு வர்றேன். பேட்டரி மாத்தியாச்சு, சாஃப்ட் ஸ்டார்ட்டர் கார்டு இன்னும் "வந்துட்டே" இருக்கு, ஆனா நாலு நாளா பிளாஸ்டிங் அப்புறம் போர்டு பச்சையாவே இருக்கு. எஸ்கேப் வே பக்கம் பழைய ஃபைபர் ஒண்ணு சும்மா தொங்கிட்டு இருந்துச்சு, ரிங்குக்கு அதை எடுத்துக்கலாம்னு பாத்தா ரிசீவ் லைட் (வந்து சேர்ற ஒளியோட அளவு) மைனஸ் 18 டிபிஎம் காட்டுது. தூரம் ஒண்ணேகால் கிலோமீட்டர்தான், இது ஓடுமா?

ஃபைபர்_அண்ணாச்சி:
ஓடும், ஆனா என்னைக்கு நிக்கும்னு சொல்ல முடியாது. அந்த தூரத்துக்கு ஃபைபர்ல அரை டிபிக்கு மேல போகக்கூடாது, கனெக்டர் ரெண்டுக்கும் ஒண்ணு ரெண்டு விடும். மைனஸ் 6, 7 வரணும். உம்ம எஸ்எஃப்பி (ஸ்விட்ச்ல ஃபைபர் மாட்டுற மாட்யூல்) பத்து கிலோமீட்டர் டைப்னா மைனஸ் 19, 20ஓட அதுக்குக் கண்ணு தெரியாது. முதல்ல ரெண்டு முனையையும் கிளீனிங் பேனால தொடச்சிட்டு பாரும், ஊதாதீரும், வாய் ஈரமும் பாறைத் தூசியும் சேந்தா சிமெண்டுதான். அதுக்கும் ஏறலைன்னா ஓடிடிஆர் (ஃபைபர்ல ஒளி எங்க குறையுதுன்னு காட்டுற கருவி) போட்டு எந்த மீட்டர்ல விழுதுன்னு பாரும், எங்கயாவது கேபிள் டை போட்டு இறுக்கி மடக்கியிருப்பானுவ.

டெக்லைன்_பையன்:
அண்ணாச்சி தொடச்சதும் மைனஸ் 11க்கு வந்துச்சு, மிச்சத்தை ஓடிடிஆர்ல பாத்தா 640 மீட்டர்ல விழுது. நேர்ல போனா ஷாட்கிரீட் (சுவத்துல பீச்சி அடிக்குற கான்கிரீட்) அடிச்சவங்க கேபிளை சுவத்தோட சேத்து பூசிட்டுப் போயிருக்காங்க, பக்கத்துல இருந்த ஏபி ஆன்டெனாவும் உள்ள, நுனி மட்டும் வெளிய நீட்டிட்டு இருக்கு. உளி கேட்டிருக்கேன்.