கொம்பவுண்ட் வில்: 60 றாத்தல் இழுக்க ஏலாமக் கிடக்கு, எவ்வளவுக்கு இறக்கலாம்?

சுன்னாகம்:
வணக்கம். மச்சான் கனடாவில இருந்து வரேக்க ஒரு கொம்பவுண்ட் வில் (ரெண்டு நுனியிலயும் சில்லு வைச்ச வில்) கொண்டுவந்து தந்தவர். லிம்பில (வில்லின்ர வளையிற தகட்டில) ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில இழுவைப் பாரம் 50–60 றாத்தல், இழுவை நீளம் 29 அங்குலம், லெட்-ஓஃப் (முழுசா இழுத்தாப் பிறகு குறையிற பாரம்) 80% எண்டு கிடக்கு. நான் இதுக்குப் புதுசு. வயது 31, உயரம் 5 அடி 6 அங்குலம். வில்லை வானம் பாக்கத் தூக்கினாத்தான் நாண் பின்னுக்கு வருது. காம் (நுனியில இருக்கிற சில்லு) உருண்ட பிறகு லேசுதான், ஆனா கை நடுங்குது, நாண் கன்னத்தைத் தாண்டிக் காதடிக்குப் போகுது. இப்ப வலது தோளின்ர முன்பக்கம் நோ.

லிம்பைப் பிடிக்கிற போல்ட்டைத் திருப்பி 40க்கு இறக்கலாமோ? புதுசாப் பழகிற ஆளுக்கு எத்தினை றாத்தல் காணும்? கூட வந்த அம்புகள் 340 ஸ்பைன் (அம்பு வளையிற அளவு), 28.5 அங்குலம். பாரத்தைக் குறைச்சா அதையே விடலாமோ?

மானிப்பாய்:
தம்பி, தோள் நோ முழுசா அடங்கும்வரை இழுக்காதேங்கோ. வில்லை மேல தூக்கி இழுக்கேக்க முதுகுத் தசை வேலை செய்யாது. தோள் மூட்டைச் சுத்தியிருக்கிற சின்னத் தசைநார்கள்தான் முழுப் பாரத்தையும் தாங்கும். அது கிழிஞ்சா மாறக் கன மாதம் எடுக்கும்.

போல்ட்டால 40க்கு வராது. 60 றாத்தல் லிம்ப் எண்டா 50 மட்டும்தான் இறங்கும், ஸ்டிக்கரில போட்டிருக்கிற கீழ் எல்லைதான் உங்கட எல்லை. அதுக்கு மேலயும் கழட்டினா போல்ட்டின்ர புரி லிம்பைப் பிடிக்கக் காணாமப் போகும். இழுத்த நிலையில லிம்ப் பொக்கற்றை (அது பொருந்தியிருக்கிற குழியை) விட்டுக் கழண்டால் முகத்துக்கு முன்னாலதான் வெடிக்கும்.

இறக்கிற முறை இதுதான். லிம்ப் பொக்கற்றின்ர பக்கத்தில பூட்டு ஸ்குறூ இருந்தா முதல்ல அதை இளக்குங்கோ. பிறகு மேல் போல்ட், கீழ் போல்ட் ரெண்டையும் வலப்பக்கம் திருப்பி அடிவரை இறுக்குங்கோ. ரெண்டும் ஒரே இடத்தில இருந்து தொடங்கவேணும், அதுக்குத்தான் இது. மார்க்கரால ஒரு கோடு போட்டிட்டு, மேல அரைச் சுத்து, கீழ அரைச் சுத்து எண்டு மாறி மாறி இடப்பக்கம் இளக்குங்கோ. ஒரு முழுச் சுத்துக்கு ஏறத்தாழ 2–4 றாத்தல் குறையும், வில்லுக்கு வில் வித்தியாசம். ரெண்டு பக்கமும் சமனில்லாட்டி அம்பை நாணில கொழுவிற இடம் உயர்ந்து பணிஞ்சு, அம்பு ஆடி ஆடிப் போகும். முடிஞ்சதும் பூட்டு ஸ்குறூவைத் திரும்ப இறுக்க மறக்காதேங்கோ.

எத்தினை றாத்தல் நிக்குது எண்டதை ஊகிக்காதேங்கோ, நிறுங்கோ. வெளிநாட்டுக்கு ஆள் போய்வாற வீடுகளில சூட்கேஸ் நிறுக்கிற டிஜிட்டல் தராசு இருக்கும். அதைப் பலமான கூரை வளையில கட்டி, கொக்கியை டி-லூப்பில (நாணில கட்டியிருக்கிற சின்னக் கயித்து வளையத்தில) கொழுவி, வில்லின்ர பிடியை மெல்லக் கீழ இழுங்கோ. கொக்கி வழுகாத மாதிரி இருக்கவேணும். வழுகினா அம்பில்லாம விட்டதுக்குச் சமன், காமும் லிம்பும் உடையும். ஆகக் கூடின அளவைக் குறிச்சுக் கொண்டு அதே மெதுவில மேல விடுங்கோ. 50 றாத்தல் 22.7 கிலோ, 60 எண்டா 27.2 கிலோ.

கரவெட்டி:
பாரத்தை மட்டும் குற்றம் சொல்லேலாது. 5 அடி 6 அங்குல ஆளுக்கு 29 அங்குலம் நீளம் கூட. ரெண்டு கையையும் விரிச்சுச் சுவரோட நிண்டு, நடுவிரல் நுனியில இருந்து மற்ற நடுவிரல் நுனி வரை அளவுங்கோ. அங்குலத்தில வாற கணக்கை 2.5ஆல பிரியுங்கோ. பெரும்பாலும் உயரமும் கைவிரிப்பும் கிட்டத்தட்ட ஒண்டுதான், 66ஐப் பிரிச்சா 26.4 வரும். உங்கட வில் ரெண்டரை அங்குலம் நீட்டிக் கிடக்கு. நாண் காதடிக்குப் போறதுக்குக் காரணம் அதுதான். நடுக்கமும் பாதி அதால வாறது. இழுத்த கையின்ர முழங்கை அம்புக் கோட்டைத் தாண்டிப் பின்னுக்குப் போனா முதுகு பிடிக்க ஏலாது.

காமில மொடியூல் எண்டு ஒரு தகடு இருக்கும், ரெண்டு சின்ன ஸ்குறூ, பக்கத்தில எழுத்து அல்லது எண். அந்த மொடலின்ர அட்டவணையைப் பாத்து 26.5க்கு மாத்துங்கோ. சிலதுக்கு பிரஸ் (லிம்பை அமத்திப் பிடிக்கிற கருவி) தேவையில்லை, சிலதுக்கு வேணும், அட்டவணையில போட்டிருக்கும். நீளம் குறையேக்க உச்சப் பாரமும் சிலவேளை 1–2 றாத்தல் இறங்கும்.

கொக்குவில்:
50 ஒரு பெரிய பாரமே? 80% லெட்-ஓஃப்பில பிடிச்சு நிக்கிறது 10 றாத்தல்தான். ரெண்டு மூண்டு கிழமை இழுத்தாத் தசை பழகீடும்.

மானிப்பாய்:
அந்த 10 றாத்தல் கடைசியில வாறது. அதுக்கு முன்னால 50ஐத் தாண்டித்தான் போகவேணும். கொம்பவுண்டில பாரம் தொடக்கத்திலயே உச்சத்துக்கு ஏறி, கன தூரம் அங்கயே நிண்டுதான் விழும். அதைவிட மோசம், அம்பை விடாமத் திரும்பக் கொண்டுவாறது. காம் பாரம் குறைஞ்சு நிக்கிற இடத்தை விட்டு வெளிய வந்ததும் நாண் ஒரே வெட்டில முன்னுக்கு இழுக்கும், தோள் பிசகிறது கூடுதலா அங்கதான். மெல்ல இறக்க ஏலாத ஆள், குறி சரியில்லாட்டியும் பயத்தில அம்பை விட்டிடும். றிலீஸை (நாணை விடுற விசைக் கருவியை) அடிச்சு விடுற பழக்கம் அப்பிடித்தான் வரும். பிறகு அதை மாத்திறது பெரும்பாடு.

ஒரு சோதனை சொல்லுறன். கதிரையில நேரா இருந்து, ரெண்டு பாதமும் நிலத்தில. அம்பு பூட்டி, முனை இலக்கைப் பாத்தபடி வில்லைத் தோள் உயரத்தில பிடியுங்கோ. கை தோளுக்கு மேல போகாம, உடம்பு பின்னுக்குச் சாயாம, எத்திறது வெட்டிறது இல்லாம நேரா இழுங்கோ. 30 செக்கன் பிடிச்சு, அதே மெதுவில இறக்குங்கோ. இதில ஒண்டு பிசகினாலும் பாரம் கூட. பழகிற ஆம்பிளையளுக்கு 40–45, பொம்பிளையளுக்கு 25–35 பெரும்பாலும் சரிவரும். ஆனா நான் நம்பிறது கதிரைச் சோதனையைத்தான்.

உலக வில்வித்தைச் சம்மேளனத்தின்ர விதியிலயே கொம்பவுண்டுக்கு 60 றாத்தல்தான் உச்சம். 50 மீற்றர் விடுற போட்டியாளருக்கே அவ்வளவு. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில கொம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முதலா வருது, ஆசைப்படுங்கோ. ஆனா உங்கட வளவில 10 மீற்றருக்கு 40 தாராளம்.

கரவெட்டி:
அம்பைப் பற்றி ஒருதரும் சொல்லேல்லை. ஸ்பைன் எண் கூடக் கூட அம்பு வளையும். பாரமும் நீளமும் குறைஞ்சா 340 உங்களுக்கு விறைப்புக் கூட, 500க்குப் பக்கத்தில வேண்டிவரும். விறைப்பான அம்பால ஆபத்தில்லை, அம்புகள் ஒரே இடத்தில விழாம விரிஞ்சு விழும், அவ்வளவுதான். கிட்ட நிண்டு பழக விடலாம். ஆபத்து மற்றப் பக்கம்: பாரத்துக்குக் காணாத மெல்லிய அம்பு முறிஞ்சு கையில ஏறும். நிறையும் ஒரு றாத்தலுக்கு 5 கிரெய்னுக்குக் குறையக்கூடாது. 50 றாத்தலுக்கு 250 கிரெய்ன், அண்ணளவா 16 கிராம். விட முதல் ஒவ்வொரு அம்பையும் மெல்ல வளைச்சுப் பாருங்கோ, சத்தம் கேட்டா எறியுங்கோ.

இன்னுமொண்டு. கிடுகு வேலியை நம்பி விடாதேங்கோ. 40 றாத்தல் அம்பு அதை ஊடறுத்து அடுத்த வளவுக்குப் போகும். உரப்பையில பழந்துணியை இறுக்கி அடைஞ்சு, பின்னால மண் அணை ஒண்டு போட்டிட்டு 5 மீற்றரில தொடங்குங்கோ.

சுன்னாகம்:
நன்றி அண்ணையவை. தோள் நோ மாறீட்டுது. கைவிரிப்பு 66 அங்குலம்தான். மொடியூலை 26.5க்கு மாத்திப் போல்ட்டையும் இறக்கினாப் பிறகு தராசில 22.2 கிலோ. நாண் இப்ப வாய்க்கடையில வந்து நிக்குது, நடுக்கம் நல்லாக் குறைஞ்சிட்டுது. ஆனா கதிரையில இருந்து இழுக்கேக்க இன்னும் கை ஒரு சாண் மேல போகுது.

மானிப்பாய்:
22.2 எண்டா 49 றாத்தல், போல்ட்டை இனித் தொடாதேங்கோ. ரெண்டு வழி. அதே மொடலுக்கு 40–50 லிம்ப் சோடி எடுத்து, பிரஸ் இருக்கிற ஆளிட்டக் குடுத்து மாத்திறது. பிரஸ் இல்லாமக் கையால முயற்சிக்கவே கூடாது. இல்லாட்டி இதை வைச்சிட்டு, டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ மாதிரி 5 தொட்டு 70 றாத்தல் வரை மாத்தக்கூடிய ஒண்டை எடுங்கோ. வீட்டில வேற ஆக்களும் பழகிறதெண்டா ரெண்டாவதுதான் நல்லம்.

எதில எண்டாலும் 38–40இல தொடங்குங்கோ. ஒரு பயிற்சியில கடைசி அம்பும் முதல் அம்பு மாதிரியே, கை தூக்காம இழுபட்டா 2 றாத்தல் ஏத்துங்கோ, அதுக்கு மேல ஒரேயடியா வேண்டாம். ஒவ்வொரு முறை ஏத்தினாப் பிறகும் பீப் (நாணில இருக்கிற, ஊடாகப் பாக்கிற ஓட்டை) திரும்பியிருக்கோ எண்டு பாத்து, சைட்டை (வில்லில இருக்கிற குறி பாக்கிற கருவியை) திரும்பச் சரிசெய்யுங்கோ. வில்லை வெயிலில நிக்கிற காருக்குள்ள விடாதேங்கோ. சூட்டில நாண் இளகி, வைச்ச அளவெல்லாம் மாறும்.