தீவு வங்கிகளில் டெபாசிட்: உங்கள் அனுபவம் என்ன?

திருமங்கலம் மரைன்

நான் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். சம்பளம் டாலரில். இங்கிலாந்தை ஒட்டிய ஐல் ஆஃப் மேன், ஜெர்சி மாதிரி தீவுகளில் கணக்கு வைத்திருப்பது எங்கள் செட்டில் ரொம்ப சகஜம். வீட்டுக்கு வேண்டியதை மதுரையில் இருக்கிற என்.ஆர்.இ. (வெளிநாட்டில் சம்பாதிக்கிற இந்தியர்களுக்கான) கணக்குக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தை அங்கேயே விட்டுவைப்போம்.

கொரோனா சமயத்தில் அதற்கு வட்டி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே கிடையாது. இங்கிலாந்து மத்திய வங்கி 2020 மார்ச்சில் வட்டியை 0.1 சதவீதத்துக்கு இறக்கிவிட்டது. டெர்ம் டெபாசிட் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று, வேண்டியபோது எடுக்கிற சாதாரணக் கணக்கிலேயே எல்லாரும் பணத்தைப் போட்டுவைத்திருந்தார்கள். 2023 ஆகஸ்டில் அதே வட்டி 5.25 ஆனது. அப்புறம் மெஸ்ஸில் உட்கார்ந்தால் ஆறு மாசம் போடலாமா, ஒரு வருஷம் போடலாமா என்பதுதான் பேச்சு.

ஆனால் இப்போது சேருகிற பையன்கள் யாருக்கும் 2008 தெரியவில்லை. என் முதல் கப்பலில் சீஃப் இன்ஜினியர் சோழவந்தான்காரர். அந்த வருஷம் அக்டோபரில், ஐஸ்லாந்துக்காரர்களுக்குச் சொந்தமான வங்கி ஒன்று ஐல் ஆஃப் மேனில் மூடப்பட்டபோது அவர் பணம் அதில்தான் இருந்தது. கப்பல் நடுக்கடலில். வீட்டிலிருந்து சாட்டிலைட் போனில் சேதி வந்ததும் அப்படியே இன்ஜின் ரூம் படியில் உட்கார்ந்துவிட்டார். தீவின் டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு 50,000 பவுண்டு வரைதான். அதற்கு மேல் வைத்திருந்தவர்களுக்குப் பணம் தவணை தவணையாக வந்துசேர வருஷங்கள் ஆயின. அவர் என்னிடம் சொன்னது: "தம்பி, எத்தன பெர்சன்ட்டுன்னு பாக்காத. பேங்க்கு படுத்துட்டா யாரு குடுப்பான்னு மொதல்ல கேளு."

இங்கே யாராவது பெரிய தொகை அங்கே வைத்திருந்தால் சொல்லுங்கள்.

கே.கே.நகர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி

தம்பி, உங்கள் சீஃப் கேட்கச் சொன்ன கேள்வியை நான் என்.ஆர்.ஐ. கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

ஜெர்சியில் டெபாசிட் 2007 வாக்கில் 20,000 கோடி பவுண்டைத் தாண்டி இருந்தது. நெருக்கடிக்குப் பிறகு இறங்கியது, அந்த உயரத்தைத் திரும்பத் தொடவில்லை. ஒரு விஷயம் கவனியுங்கள். அங்கே இருக்கிற பணத்தில் பெரும்பகுதி டாலர், யூரோ. கணக்குச் சொல்வதோ பவுண்டில். 2016-ல் பிரெக்ஸிட் ஓட்டெடுப்பு முடிந்து பவுண்டு சரிந்தபோது, புதிதாக ஒரு டாலர் வராமலே மொத்தத் தொகை கூடித் தெரியும். "டெபாசிட் ஏறுது சார், நாமளும் போடலாம்" என்று செய்தியைக் காட்டி வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் விளக்குவேன்.

எதிர்த்திசையில், இந்தியாவுக்குப் பணம் வந்ததையும் பார்த்திருக்கிறேன். 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. ரிசர்வ் வங்கி செப்டம்பரில் எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டுக்கு (என்.ஆர்.ஐ.க்கள் இங்கே வெளிநாட்டுப் பணத்திலேயே போடுவது) 3.5 சதவீதத்தில் சலுகை ஸ்வாப் கொடுத்தது, அதாவது வங்கிகள் டாலரைக் கொடுத்து ரூபாய் வாங்கி, பிறகு முன்பே பேசிய கணக்கில் டாலரைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு. மூணே மாதத்தில் நாடு முழுவதும் சுமார் 2,600 கோடி டாலர் வந்து குவிந்தது. துபாயிலும் சிங்கப்பூரிலும் கடன் வாங்கிக்கூட இங்கே போட்டார்கள். 2016 கடைசியில் முதிர்ந்ததும் பெரும்பகுதி வந்த வழியே போய்விட்டது. வட்டி வித்தியாசத்துக்காக வருகிற பணம் அதற்காகவே போகும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, ஜெர்சி, கெர்ன்சி, ஐல் ஆஃப் மேன் மூன்றிலும் 50,000 பவுண்டு. நம்மூரில் 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம் ரூபாய். சிங்கப்பூரில் 2024 ஏப்ரலிலிருந்து ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலர். அதுவும் சிங்கப்பூர் டாலர் டெபாசிட்டுக்கு மட்டும்தான். அங்கே அமெரிக்க டாலரில் வைத்திருந்தால் காப்பீடு கிடையாது.

மேலூர்

சார் சிங்கப்பூரைச் சொன்னதால் எழுதுகிறேன். என் மச்சான் அங்கே வேலை முடித்து ஊர் திரும்பிப் பல வருஷமாயிற்று. 2024 நவம்பரில் வருமான வரித் துறையிலிருந்து எஸ்.எம்.எஸ்.: வெளிநாட்டுக் கணக்கு இருக்கிறது, ரிட்டர்னில் காட்டவில்லை என்று. ஆள் பதறிப்போய் அண்ணாநகர் ஆடிட்டரிடம் ஓடினார், நானும் கூடப் போனேன்.

ஆடிட்டர் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டுகிற ஷெட்யூல் எஃப்.ஏ. பக்கத்தைத் திறந்து கேட்டது: கணக்கு எண், திறந்த தேதி, வருஷத்தில் இருந்த உச்ச இருப்பு. அந்தப் பக்கத்துக்கு ஏப்ரல்-மார்ச் கணக்கு செல்லாது, ஜனவரி-டிசம்பர்தான். நாடுகள் ஒன்றுக்கொன்று கணக்கு விவரம் கொடுத்துக்கொள்கிற சி.ஆர்.எஸ். ஒப்பந்தப்படி இந்தியா 2017-லிருந்தே தகவல் பரிமாறுகிறதாம். தீவுகளும் சிங்கப்பூரும் அதில் உண்டு. டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்ன் போட்டுவிட்டோம்.

கணக்கை மறைத்தால் பத்து லட்சம் அபராதம். 2024 அக்டோபரிலிருந்து, வீடு நிலம் நீங்கலாக வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. ஆனாலும் ரிட்டர்னில் காட்டியே ஆக வேண்டும்.

திருமங்கலம் மரைன்

நன்றிங்க. கப்பல்காரர்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: இந்த ஷெட்யூல் எஃப்.ஏ. பக்கம், வரிக் கணக்குப்படி இந்தியாவில் முழு ரெசிடென்ட் ஆனவர்களுக்குத்தான். சி.டி.சி. புத்தகத்தில் (கப்பல்காரர்களின் பணிப் பதிவு) சைன் ஆன், சைன் ஆஃப், அதாவது கப்பலில் சேர்ந்த, இறங்கிய தேதிகளை வைத்து வருஷா வருஷம் நாள் எண்ணிப் பாருங்கள். புத்தகம் மாற்றும்போது பழையதை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆடிட்டர் கேட்பார்.