சமர்கந்து விருந்தில் நடந்தது

கவிதா: சித்தப்பா, நிலா பள்ளியில் அலெக்சாந்தரைப் பற்றிப் பேசப் போகிறாள். அவர் குடித்தே இறந்தார் என்று ஏதோ காணொளியில் பார்த்தாளாம். உண்மையா?

சித்தப்பா: உறுதியாகச் சொல்ல முடியாதம்மா. கி.மு. 323-இல் பாபிலோனில் மீடியஸ் என்ற நண்பர் தந்த விருந்தில் நெடுநேரம் குடித்தார். காய்ச்சல் கண்டது, சில நாள்களில் போய்விட்டார். மலேரியாவா டைபாய்டா என்று இன்னும் வாதிடுகிறார்கள். அதைவிட கிளைட்டஸ் கொலையைப் பற்றிப் பேசச் சொல்.

அத்தை: அந்தக் காலத்து அரசர்கள் எல்லோரும் குடித்தவர்கள்தானே?

சித்தப்பா: குடித்தார்கள் அக்கா. ஆனால் கிரேக்கர்கள் திராட்சை மதுவில் தண்ணீர் கலந்து குடிப்பார்கள். அலெக்சாந்தரின் நாடான மாசிடோனியாவின் அரசவையில் கலக்காமலே குடிப்பார்கள். கி.மு. 324-இல் பாரசீக நகரமான சூசாவில் அலெக்சாந்தர் குடிப்போட்டியே வைத்தார். வென்றவன் ஏறக்குறைய 13 லிட்டர் குடித்து மூன்றாம் நாள் செத்தான். கூடக் குடித்தவர்களில் 41 பேர் மாண்டதாக அவர் வாழ்க்கையை எழுதிய பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார்.

அத்தை: அடப்பாவமே!

முரளி: கிளைட்டஸ் யார், மாமா?

சித்தப்பா: அலெக்சாந்தரை வளர்த்த செவிலித்தாயின் உடன்பிறப்பு. கி.மு. 334-இல் கிரானிக்கஸ் போரில், அரசர் மேல் ஆயுதம் ஓங்கிய பாரசீகத் தளபதியை வீழ்த்தி அவர் உயிரைக் காத்தவர். ஆறு ஆண்டுகள் கழித்து, இன்றைய சமர்கந்தில் ஒரு விருந்து. அரசரைக் குளிர்விக்க அவர் தந்தை பிலிப்பையே சிலர் மட்டம் தட்டினார்கள். கிளைட்டஸ் பொறுக்கவில்லை. "உன்னைக் காப்பாற்றியது இந்தக் கைதான்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். இருவருக்கும் போதை. அரசர் காவலனிடம் ஈட்டியைப் பறித்துக் குத்திவிட்டார்.

கவிதா: தடுக்க ஒருவருமே இல்லையா என்று நிலா கேட்கிறாள்.

சித்தப்பா: தடுத்தார்கள். வாளை ஒளித்தார்கள், கிளைட்டஸை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டார். போதை தெளிந்ததும் அலெக்சாந்தர் அன்னம் தண்ணீர் இல்லாமல் அழுதுகொண்டு கிடந்தார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குக் கொலையைவிடக் கொடுமையாகப் படுகிறது. அனக்சார்கஸ் என்ற தத்துவ அறிஞர் வந்து, அரசன் எதைச் செய்தாலும் அது நீதியே என்று ஆறுதல் சொன்னார். புத்தி சொல்ல வேண்டியவர் சொன்ன பேச்சா அது?

கவிதா: சிறு பிள்ளைகள் முன்னால் கொலை வேண்டுமா, சித்தப்பா? சூசா கதையோடு நிறுத்தட்டுமா?

சித்தப்பா: நேரம் போதாவிட்டால் சூசாவை விடட்டும். கிளைட்டஸையும் அனக்சார்கஸையும் விடக் கூடாது.