மஸில்லோடர் ஈயக் குண்டுக்கு பவுடர் கோட்டிங் சரிவருமா?

கேள்வி:
ஓஹையோவில் இருக்கிறேன். 50 காலிபர் மஸில்லோடருக்கு (குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் போடும் துப்பாக்கி) நானே ஈயம் உருக்கிக் கூம்புக் குண்டு வார்க்கிறேன். கொழுப்பு தடவினால் கை, பை எல்லாம் பிசுபிசுப்பு. பவுடர் கோட்டிங் (பிளாஸ்டிக் பொடியைப் பூசிச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது) செய்தால் அந்தத் தொல்லை விடுமா?

பதில்:
பிசுபிசுப்பு போய்விடும். ஆனால் கருமருந்து (கறுப்பு வெடிமருந்து) போடும் துப்பாக்கியில் கொழுப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. குழலுக்குள் படியும் கசடை அதுதான் இளக்கி வைக்கிறது. பூச்சு அதைச் செய்யாது. குண்டுக்கு அடியில் கொழுப்பு ஊறிய கம்பளி வட்டு ஒன்று வையுங்கள். அப்புறம், பூச்சு ஏறினால் குண்டு கொஞ்சம் பருத்துவிடும், குழல் வாயில் இறங்க அடம்பிடிக்கும். சைசிங் டையில் (குண்டைச் சரியான விட்டத்துக்குக் கொண்டுவரும் அச்சு) ஒருமுறை அழுத்தி எடுத்துவிடுங்கள்.

பதில்:
பெரும்பாலான பூச்சுப் பவுடருக்கு அடுப்பில் 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் போதும். ஈயம் 327-இல்தான் உருகும், பயப்பட வேண்டாம். ஆறியதும் ஒன்றைச் சுத்தியலால் நசுக்கிப் பாருங்கள்; பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தால் சரியாக வேகவில்லை. இதற்கான மின் அடுப்பு (oven) மட்டும் தனியாக இருக்கட்டும். சாப்பாடு செய்யும் அடுப்பில் ஈயத்தை வைக்கவே வைக்காதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. உருண்டைக் குண்டுக்கும் பூசலாமா?

பதில்:
துணி சுற்றிப் போடும் உருண்டைக்குத் தேவையே இல்லை. குழலை உரசுவது துணிதான், ஈயம் இல்லை.