இன்டர்வியூவில் உங்களிடம் கேட்ட விசித்திரக் கேள்வி எது?

முதலில் என் கதை. மென்பொருள் வேலைக்கு ஆள் எடுக்கும் பேனலில் முதன்முறையாக உட்கார்ந்திருந்தேன். மூத்தவர் ஒருவர், "இதைக் கேளுங்கள், ஆளின் மூளை தெரிந்துவிடும்" என்று ஒரு பழைய கேள்வியைக் கையில் கொடுத்தார். பாதாளச் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது? ஒரு காலத்தில் மைக்ரோசாஃப்ட் இன்டர்வியூக்களால் பேர் வாங்கிய கேள்வி அது.

வந்த இளைஞர் சிரித்துவிட்டார். "சார், இதை நேற்றுதான் படித்தேன். நேராகப் பதிலைச் சொல்லிவிடட்டுமா, இல்லை கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி இருக்கட்டுமா?" என்றார். அப்புறம் சொன்னார்: சதுர மூடியைச் சாய்த்துப் பிடித்தால் மூலைவிட்டத்தின் வழியாக உள்ளே விழுந்துவிடும், வட்ட மூடி எப்படித் திருப்பினாலும் விழாது, உருட்டிக்கொண்டும் போகலாம்.

எனக்கு அந்த நேர்மை பிடித்துப்போய் 10-க்கு 9 போட்டேன். பக்கத்திலிருந்தவர் திமிர் என்று 3 போட்டார். மூன்றாமவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு 6. எதற்காக மதிப்பெண் போடுகிறோம் என்று நாங்கள் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவே இல்லை. அவருக்கு வேலை கிடைக்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

—

எனக்கு நடந்தது இதற்குத் தலைகீழ். "ஒரு மைல் தெற்கே, ஒரு மைல் மேற்கே, ஒரு மைல் வடக்கே நடக்கிறீர்கள். கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டீர்கள். எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். வட துருவம் என்றேன். சரி என்று தலையாட்டினார். அதோடு வாயை மூடியிருக்க வேண்டும்.

"இன்னும் இடங்கள் இருக்கின்றன சார்" என்று ஆரம்பித்தேன். தென் துருவத்துக்குப் பக்கத்தில், துருவத்தைச் சுற்றி வந்தால் சரியாக ஒரு மைல் வருகிற வட்டம் ஒன்று இருக்கும். அதற்கு ஒரு மைல் வடக்கே நின்று கிளம்பினால், தெற்கே இறங்கி வட்டத்தை அடைவோம், மேற்கே நடந்தால் ஒரு முழுச் சுற்று, பிறகு வடக்கே ஏறினால் பழைய இடம். அரை மைல் வட்டமாக இருந்தால் இரண்டு சுற்று. இப்படி எத்தனையோ இடங்கள்.

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விடை வட துருவம்தான், குழப்பாதீர்கள்" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். தாளில் ஒரே ஒரு விடைதான் இருந்திருக்கும் போல. என் மூளையைச் சோதிக்க வந்தவருக்கு அந்தப் புதிரே பாதிதான் தெரிந்திருந்தது!

—

நீங்கள் எந்த மிருகம் என்று என்னிடம் கேட்டார்கள். எறும்பு என்றேன். "இன்றைக்கு நீங்கள் ஏழாவது எறும்பு" என்றார் அந்த அம்மா. வேலை கிடைத்தது. எறும்பால்தானா என்று இரண்டு வருடம் கழித்துக் கேட்டேன், அப்படி ஒரு கேள்வி கேட்டதே அவருக்கு நினைவில்லை.

—

ஹெச்.ஆர் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரட்டும். எல்லாரும் எங்களை இப்படி ஓட்டினால் எப்படி?

விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும் மாதிரிக் கேள்விகள் முழுக்க நேர விரயம், அவை எதையும் முன்கூட்டிக் காட்டுவதில்லை, கேட்பவருக்குத் தான் புத்திசாலி என்ற நினைப்பை மட்டும் கொடுக்கும் என்று கூகுளின் பணியாளர் பிரிவுக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நானும் மூளைப் புதிர்களை விட்டுவிட்டேன். ஆனால் உத்தேசக் கணக்கை விடமாட்டேன், அதுவும் வேலைக்குத் தேவை என்றால் மட்டும். கட்டடப் பராமரிப்புக்கு ஆள் எடுத்தபோது, "இந்தக் கட்டடத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?" என்று கேட்டேன். ஒருவர் உடனே ஒரு எண்ணைச் சொன்னார். இன்னொருவர், "எத்தனை பேர்? கேன்டீன் உண்டா? ராத்திரி ஷிஃப்ட் இருக்கிறதா?" என்று என்னையே கேட்க ஆரம்பித்தார். அவர் கடைசியில் சொன்ன எண் தப்புதான். அவரைத்தான் எடுத்தேன். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்பே எழுதி வைத்திருந்ததால் பேனலில் சண்டை வரவில்லை.

—

நான் கணக்காளர். என்னிடம் கேட்டது விசித்திரமா என்று தெரியவில்லை, ஆனால் மற்ற எந்த இடத்திலும் அப்படிக் கேட்டதில்லை. உட்கார்ந்ததும் வணக்கம்கூட முடியவில்லை, ஒரு ட்ரயல் பேலன்ஸ் தாளை நீட்டினார், பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், இரண்டின் கூட்டுத்தொகையும் சமமாக வர வேண்டிய பட்டியல் அது. "270 இடிக்கிறது. முதலில் எங்கே பார்ப்பீர்கள்?"

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார்கள் என்று ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். எல்லாம் போச்சு. தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 270 ஒன்பதால் வகுபடும் என்று சட்டென்று பொறி தட்டியது. ஓர் எண்ணில் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். "யாரோ எண்ணைத் திருப்பி எழுதியிருக்கலாம், அதை முதலில் தேடுவேன். இல்லையென்றால் 135 என்ற தொகை தப்பான பக்கத்தில் ஏறி, வித்தியாசம் இரட்டிப்பாகியிருக்கிறதா என்று பார்ப்பேன்" என்றேன். அவர் பேனாவைக் கொடுத்து, "தேடுங்கள்" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த அறையில் நான் தனியாக இருந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே பதற்றம் இல்லாத இன்டர்வியூ. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, என்னிடம் இருந்தது வேலை மட்டும்தான்.

—

மேலே கணக்காளர் எழுதியதைப் படித்ததும் எடிசன் நினைவுக்கு வந்தார். தன்னிடம் வேலை கேட்டு வருகிறவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகள் வைத்திருந்தார் மனிதர். 1921-இல் அது பத்திரிகைகளில் வெளிவந்து பெரிய விவாதமானது. அப்போது அமெரிக்கா வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் ஒலியின் வேகம் என்ன என்று கேட்டதற்கு, புத்தகத்தில் கிடைப்பதைத் தலையில் சுமப்பதில்லை என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டார். முதலில் நான் சொன்ன எங்கள் பேனலில் 3 போட்டவர் அங்கே இருந்திருந்தால் ஐன்ஸ்டைனுக்கும் திமிர் என்றுதான் சொல்லியிருப்பார்.

அது சரி, அந்தத் தாளில் பிழை எங்கே இருந்தது? அதைச் சொல்லாமலே போய்விட்டீர்களே.

—

மன்னிக்கவும், அதை விட்டுவிட்டேன். எழுதுபொருள் செலவில் 740 என்பதை 470 என்று ஏற்றியிருந்தார்கள். அவர் டீ குடித்துவிட்டு வந்தபோது வட்டம் போட்டு வைத்திருந்தேன். பார்த்துவிட்டு, "இதே தப்பை நான் போன மாதம் செய்தேன், அரை நாள் தேடினேன்" என்றார். எப்போது சேரலாம் என்று கேட்டார்.